டவர் வேண்டாம்னு நான் போட்ட கையெழுத்தும் அப்பாவோட சட்டைப் பாக்கெட்டும்

அந்த நோட்டு இன்னும் ஹெட்மாஸ்டர் சார் வீட்டு அலமாரிலதான் இருக்கு. லாங் சைஸ் நோட்டு, அட்டை மேல சிவப்பு ஸ்கெட்ச்ல "செல்போன் டவர் வேண்டாம்"னு எழுதி, உள்ள வரிசையா வீட்டு நம்பர், பேரு, கையெழுத்து. பதினேழாவது வரில என் கையெழுத்து இருக்கு. அது போட்டு ரெண்டரை வருஷம் ஆச்சு, அந்தத் தெருவுல யாருக்கும் அது ஞாபகம்கூட இருக்காது, ஆனா எனக்கு இந்த மழைக்காலம் முழுக்க அது மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கு. அதான் உக்காந்து எழுதிடலாம்னு.

எங்க வீடு கும்பகோணத்துல. பழைய வீடு, திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அப்புறம் அடுப்படி, கொல்லைன்னு ரயில் பெட்டி மாதிரி நீளமா போகும். சுவரு ஒவ்வொண்ணும் ஒரு முழத்துக்கு மேல கனம். வெயில் காலத்துல உள்ள வந்தா கோயில் பிரகாரம் மாதிரி ஜில்லுனு இருக்கும், ஆனா அதே சுவரு சிக்னலையும் உள்ள விடாது. திண்ணைல மூணு கோடு, கூடத்துல ஒண்ணு, அப்பா படுக்கற உள் ரூம்ல சில நேரம் அதுவும் கெடையாது. எதிர் வரிசைல நாலு வீடு தள்ளி பாத்திரக்கடை அண்ணன் வீட்டு மொட்டை மாடில டவர் வைக்க ஒரு கம்பெனி கேட்டு, அவரும் சரின்னு சொல்லி, ஆளுங்க வந்து தண்ணி டேங்க் பக்கத்துல சாக்பீஸ்ல கட்டம் போட்டுட்டுப் போனாங்க. அடுத்த வாரமே நோட்டு கெளம்பிடுச்சு.

நான் ஏன் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லிடறேன். அப்பாவுக்கு அதுக்கு முந்தின வருஷம்தான் பேஸ்மேக்கர் வெச்சிருந்தோம். இடது தோளுக்குக் கீழ, தோலுக்கடியில ஒரு தீப்பெட்டி மாதிரி புடைச்சுத் தெரியும். அந்தப் பயம் புதுசு. மிக்ஸி ஓடினாக்கூட அவரு நெஞ்சப் பாப்பேன். அப்படி இருக்கற ஆள்கிட்ட வந்து, உன் வீட்டுக்கு நேரெதிர்ல ராத்திரி பகல் கதிர்வீச்சு வரப்போகுதுன்னு சொன்னா என்ன செய்வா? நோட்டோட வந்த நோட்டீஸ்ல "உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரும்னு அறிவித்துவிட்டது"ன்னு இருந்துச்சு. பேனாவ வாங்கிப் போட்டுட்டேன்.

ராத்திரி ரெண்டு மணி படிப்பு

போட்டதுக்கு அப்புறம்தான் படிக்கவே ஆரம்பிச்சேன், வரிசை தலைகீழ்தான். நோட்டீஸ்ல சொன்ன அறிவிப்பு நெசம், ஆனா அதுல இருக்கறது வேற. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபிரான்ஸ்ல லியோன்ல இருக்கு. 2011 மே மாசம் 14 நாட்டுலேர்ந்து 31 விஞ்ஞானிங்க அங்க கூடி, ரேடியோ அலைய 2பி அப்டிங்கற பிரிவுல வெச்சாங்க. அதுக்கு அர்த்தம் "வரக்கூடும், ஆதாரம் பத்தல, ஒதுக்கிடவும் முடியல". கற்றாழையோட முழு இலைச் சாறும், கிழக்காசியாவுல போடற காய்கறி ஊறுகாயும் அதே பிரிவுலதான் இருக்கு. புகையிலை இருக்கறது முதல் பிரிவு, அது வேற. அந்த 2பி வந்ததுக்கு ஒரு முக்கியக் காரணம் 13 நாட்டுல நடந்து 2010ல வெளியான இன்டர்ஃபோன் ஆய்வு. மொத்தமா பாத்தா போன் பேசறவங்களுக்கு மூளைக் கட்டி அதிகம் இல்ல, ஆனா ரொம்ப ரொம்ப அதிகமா, வாழ்நாள்ல 1640 மணி நேரத்துக்கு மேல பேசினதா சொன்னவங்ககிட்ட மட்டும் ஒரு வகைக் கட்டி 40 சதவீதம் கூடுதலா தெரிஞ்சுது. அதுல சிலபேரு ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல பேசினேன்னு சொல்லியிருந்தாங்க, நோயாளி ஞாபகத்துலேர்ந்து சொல்ற கணக்க எவ்ளோ நம்பறதுன்னு ஆய்வு பண்ணவங்களே கேட்டிருக்காங்க. அப்புறம் 2024ல உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கிட்டு ஒரு பெரிய அலசல் வந்துச்சு, 1994லேர்ந்து 2022 வரைக்கும் வந்த 63 ஆய்வுகள எடுத்துவெச்சுப் பாத்து, போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியலன்னு சொன்னாங்க. இதெல்லாம் படிச்சதும் எனக்கு நிம்மதி வந்துச்சுன்னு சொன்னா பொய். எலிகள வெச்சு அமெரிக்கால பண்ண ஆய்வுல ஆண் எலிங்களுக்கு இதயத்துல கட்டி வந்ததா 2018ல சொன்னாங்களே, அது ஒரு ஓரமா நின்னுக்கிட்டே இருந்துச்சு. அந்த எலிங்களுக்கு உடம்பு முழுக்க, ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம், நம்ம போனவிட ரொம்ப அதிகமா குடுத்தாங்கங்கறதும் அதே அறிக்கைலதான் இருக்கு, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு அந்த வரியப் படிக்காது.

சரி, டவரு வரல. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நோட்டோட நகல் போச்சு, கம்பெனி பேச்சக் கொறச்சிட்டு ஒதுங்கிடுச்சு, பாத்திரக்கடை அண்ணனுக்கு வரவேண்டிய வாடகையும் போச்சு. தெருவுல ஒரு வெற்றிக் களை. எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க விரும்பல.

1.6ங்கற நம்பர்

அந்தச் சமயத்துலதான் அப்பாவுக்குப் புது போன் வாங்கினேன். கடைல பையன்கிட்ட "ரேடியேஷன் கம்மியா இருக்கற போன் குடுப்பா"ன்னு கேட்டேன். அவன் டப்பாவத் திருப்பி எஸ்.ஏ.ஆர். வேல்யூன்னு ஒண்ணு காட்டினான், போன் அலைலேர்ந்து உடம்புல எவ்வளவு சக்தி எறங்குதுங்கற அளவு அது. நீங்களும் பாக்கலாம், *#07# அடிச்சா வந்துடும். நம்ம நாட்டுல வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், உடம்புல ஏதாவது ஒரு கிராம் திசுவ எடுத்தா அதுல சராசரியா அவ்வளவுதான் சக்தி எறங்கலாம். 2012 செப்டம்பர் 1க்கு முன்னாடி நாம ஐரோப்பாக்காரங்க மாதிரி 10 கிராமுக்கு சராசரி எடுத்து 2 வாட்னு வெச்சிருந்தோம், அப்புறம் அமெரிக்கா கணக்குக்கு மாறினோம். 1.6க்கும் 2க்கும் உள்ள வித்தியாசத்தவிட அந்த ஒரு கிராம், பத்து கிராம்தான் பெரிய வித்தியாசம். குழம்புல உப்புக்கட்டி கரையாம ஒரு எடத்துல கெடக்குன்னு வைங்க, ஒரு கரண்டி எடுத்து ருசி பாத்தா கரிக்கும், பத்து கரண்டி எடுத்துக் கலக்கிப் பாத்தா சரியா இருக்கற மாதிரி தெரியும். சின்ன அளவுல சராசரி எடுத்தா கட்டி ஒளிஞ்சுக்க முடியாது.

இந்த நம்பர எப்படி எடுக்கறாங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. மனுஷத் தலை வடிவத்துல ஒரு ஓடு செஞ்சு, அதுக்குள்ள தண்ணி, சர்க்கரை, உப்பு மாதிரி பொருளெல்லாம் கலந்து மூளைத் திசு மாதிரியே ரேடியோ அலைய உறிஞ்சற ஒரு திரவத்த ஊத்தறாங்க. போன காதுகிட்ட வெச்சு முழு பவர்ல ஓட விட்டு, ஒரு ரோபோ கை உள்ள ஊசி மாதிரி ஒரு கருவிய மில்லிமீட்டர் மில்லிமீட்டரா நகர்த்திக்கிட்டே அளக்குது. அந்தத் தலை 1980கள்ல அமெரிக்க ராணுவத்துல எடுத்த அளவுலேர்ந்து வந்தது, நல்ல பெரிய ஆம்பளத் தலை. வரம்புக்கு அடிப்படை சூடு. விலங்குகள்ல உடம்பு முழுக்க கிலோவுக்கு 4 வாட் போனப்ப ஒரு டிகிரி கிட்ட சூடு ஏறி நடத்தை மாற ஆரம்பிச்சுது, அத அம்பதால வகுத்து 0.08 வாட்னு பொதுமக்களுக்கு வெச்சாங்க, தலை மாதிரி ஒரு எடத்துக்கு மட்டும்னா தனி கணக்கு.

ஆனா நான் அன்னிக்குக் கவனிக்காம விட்டது "முழு பவர்ல" அப்டிங்கற ரெண்டு வார்த்தையத்தான். டப்பாவுல இருக்கறது அந்த போன் அதிகபட்சமா எவ்வளவு குடுக்கும்ங்கற அளவு. அப்பா காதுல தெனம் எவ்வளவு எறங்குதுங்கறது அந்த டப்பாவுக்குத் தெரியாது. 0.9 போட்டிருந்த போன விட்டுட்டு 0.6 போட்டிருந்தத வாங்கிட்டு வந்து நல்ல காரியம் பண்ணிட்டதா நெனச்சேன்.

தீபாவளிக்கு வந்த தம்பி

என் சித்தி பையன் டெலிகாம்ல ட்ரைவ் டெஸ்ட் இன்ஜினியர். கார்ல நாலஞ்சு போன வெச்சுக்கிட்டு ஊர் ஊரா சுத்தி எங்க சிக்னல் இருக்கு எங்க இல்லன்னு அளக்கற வேலை. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அப்பா உள் ரூம்ல கட்டில்ல உக்காந்து மஸ்கட்ல இருக்கற என் அக்காகிட்ட பேசிக்கிட்டிருந்தாரு, முக்கா மணி நேரமா. முடிச்சுட்டு வழக்கம்போல போன சட்டைப் பாக்கெட்ல போட்டாரு. இடது பாக்கெட். நான் பாஞ்சு போய் எடுத்தேன். டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தாரு, பேஸ்மேக்கர்லேர்ந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கணும், வலது காதுல பேசணும், மேல் பாக்கெட்ல வைக்கவே கூடாதுன்னு. அப்பாவுக்கு அம்பது வருஷப் பழக்கம், பேனா, கண்ணாடி, சில்லறை எல்லாம் அங்கதான், போன மட்டும் எங்க வைப்பாரு.

எடுத்த போன் கொதிச்சுச்சு. தம்பி கைல வாங்கிப் பாத்துட்டு, "அக்கா, இந்த ரூம்ல சிக்னல் எவ்ளோ வருது?"ன்னான். வரவே வராது, கத்தித்தான் பேசுவாருன்னேன். "அவரு கத்தறது இருக்கட்டும், போன் கத்துது பாருங்க"ன்னு சொல்லிட்டு அவனோட டெஸ்ட் போன எடுத்தான்.

சாதாரண போன் மாதிரியேதான் இருந்துச்சு, ஆனா திரை முழுக்க நம்பரா ஓடிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு வரிய மட்டும் பாருங்கன்னு காட்டினான். மேல இருக்கறது டவர்லேர்ந்து நமக்கு வர்றது, கீழ இருக்கறது நம்ம போன் டவருக்கு அனுப்பறது. அப்பா கட்டில்ல உக்காந்து ஒரு கால் போட்டோம். மேல மைனஸ் 117. கீழ 22. "இதுக்கு மேல ஏற எடமில்லக்கா, 23தான் உச்சம்"ன்னான். பேசிக்கிட்டே எழுந்து நடந்தோம். கூடத்துல 17, ரேழில 9. திண்ணைல 4. அப்புறம் மாடி ஏறி கைப்பிடிச் சுவரு பக்கம் நின்னோம், தூரத்துல மெயின் ரோட்டு டவரோட சிவப்பு விளக்கு தெரிஞ்சுது. மேல மைனஸ் 88, கீழ மைனஸ் 3. எனக்கு மைனஸ் ப்ளஸ் ஒண்ணும் புரியல. தம்பி சொன்னான், இந்தக் கணக்குல நம்பர் பத்து ஏறினா பவர் பத்து மடங்கு, மைனஸ்னா ஒரு மில்லிவாட்டுக்கும் கம்மி, கட்டில்ல உக்காந்து பேசினப்ப போன் நூத்தம்பது மில்லிவாட்டுக்கு மேல விட்டுது, இங்க அரை மில்லிவாட். முந்நூறு மடங்கு வித்தியாசம். அதே போன், அதே ஆளு, நடுவுல நாலு சுவரு.

போனுக்கு டவர் பக்கத்துல இருந்தா மெதுவா பேசினா போதும், தூரமா இருந்தா, சுவரு மறைச்சா, கத்தணும். டவர்தான் அதுக்கு ஒரு நொடிக்குள்ள பலதடவ "கொஞ்சம் ஏத்து, கொஞ்சம் கொற"ன்னு சொல்லிக்கிட்டே இருக்குமாம். நம்ம தொலைத்தொடர்புத் துறையே சிக்னல் கம்மியா இருக்கற எடத்துல போன் பேசறதக் கொறைங்கன்னு சொல்றது இதனாலதான். அப்படின்னா பக்கத்துல டவர் இல்லாம செஞ்சது தெருவுல இருக்கற அத்தன போனையும் கத்த வெச்சதுன்னு ஆகுது. அவன் அத வாயால சொல்லல. பாத்திரக்கடை அண்ணன் வீட்டு மொட்டை மாடி அங்க நின்னா நல்லா தெரியும். தண்ணி டேங்க், கொடில காயற வேட்டி, பக்கத்துல காலி எடம். ரெண்டு பேரும் அதத்தான் பாத்துக்கிட்டு நின்னோம்.

"அங்க ஒரு டவர் வந்திருந்தா உள் ரூம்ல எவ்ளோ இருக்கும்?"னு கேட்டேன். "மைனஸ்ல போயிருக்கும்கா"ன்னான்.

அப்ப டவர்லேர்ந்து வர்ற கதிர்வீச்சு? அதையும் கேட்டேன். அதுக்கு வரம்பு இருக்கு, 2012லயே உலக அளவுல வெச்சிருந்தத பத்துல ஒரு பங்கா நம்ம நாடு கொறச்சுது, 900 மெகாஹெர்ட்ஸ்னா சதுர மீட்டருக்கு 4.5 வாட் இருந்தது 0.45 ஆச்சு. டவர் ஆன்டெனா கலங்கரை விளக்கம் மாதிரி முன்னாடி நேராத்தான் வீசும், நேர் கீழ இருக்கறவனுக்குக் கம்மி. தூரம் ரெண்டு மடங்கானா அளவு நாலுல ஒரு பங்கு. போனுக்கும் தலைக்கும் நடுவுல அந்தத் தூரம்னு ஒண்ணே கெடையாது. இதுல எனக்கு வலிக்கற எடம் ஒண்ணு இருக்கு. அப்பா காதுல அந்த ரெண்டரை வருஷமும் எறங்கினது சட்ட வரம்புக்குள்ளதான், அதனால அவருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நான் சொல்ல வரல, ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்காரு. ஆனா கொறைக்கறேன்னு சொல்லிக்கிட்டு ஏத்திவிட்டேனே. எதுக்குப் பயந்து பேனாவ எடுத்தேனோ அதையே கட்டில்கிட்ட கொண்டாந்து வெச்சிட்டேன்.

ஒட்டற ஸ்டிக்கரும் தொங்கற டாலரும்

அந்த நோட்டு சுத்தின சீசன்லயே ஒருத்தர் தெருவுக்கு வந்து ரேடியேஷன் ஸ்டிக்கர் வித்தாரு, போன் பின்னாடி ஒட்டினா கதிர் எல்லாம் உறிஞ்சிடுமாம். நாலு வீட்டுல வாங்கினாங்க. உறிஞ்சற மாதிரி ஒண்ண ஆன்டெனா மேல ஒட்டினா போன் என்ன செய்யும்? இன்னும் கத்தும். கழுத்துல தொங்கவிடற கருப்பு டாலரும் அவர்கிட்ட இருந்துச்சு. அத நெனச்சா இப்பவும் கோவம் வருது. 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அணுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறை, 5ஜிலேர்ந்து காப்பாத்தும்னு விக்கற பத்து பொருள சோதிச்சுப் பாத்து, உடனே கழட்டி டப்பால போட்டு மூடி வைங்கன்னு அறிவிச்சுது. ஏன்னா அதுலேர்ந்தே அணுக் கதிர் வந்துக்கிட்டிருந்துச்சு, டிஎன்ஏவ உடைக்கற வகை. போன் அலைக்கு அந்த சக்தி கெடையாது, அதோட ஒரு துகளுக்கு இருக்கற ஆற்றல் அணுவிலேர்ந்து ஒரு எலக்ட்ரான உருவத் தேவையானதுல லட்சத்துல ஒரு பங்குகூட இல்ல. தோரியம்னு கதிர் வீசற தாது கலந்த மணல் எப்படி இருக்கும்னு நம்ம மணவாளக்குறிச்சி பக்கம் இருக்கறவங்களக் கேட்டா தெரியும், அந்த மாதிரி தாதுவ அரைச்சு கழுத்துல மாட்டிவிட்டா என்ன ஆகும்? எங்க தெருவுல வித்த டாலர யாரும் சோதிச்சதில்ல, அதுல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல ஒரு கொழந்த கழுத்துல அது கெடந்துச்சு, கழட்டச் சொல்லி மன்றாடி வாங்கி எடுத்தேன்.

பாக்கெட்

உண்மையிலயே நாம கேள்வி கேக்க வேண்டிய எடம் ஒண்ணு இருக்கு, அது பாக்கெட். 2023 செப்டம்பர் 12 ஃபிரான்ஸ்ல ஐபோன் 12 விக்கறத நிறுத்தச் சொன்னாங்க. அங்க ரேடியோ அலைக்குன்னு இருக்கற அரசு அமைப்பு, கடைல மக்கள் வாங்கற போனையே தானும் வாங்கி சோதிக்குது. கைல பிடிக்கற மாதிரி, பாக்கெட்ல வைக்கற மாதிரி, ஒட்டி வெச்சு அளந்தப்ப, கை காலுக்குன்னு அங்க தனியா வெச்சிருக்கற வரம்பு கிலோவுக்கு 4 வாட், ஆனா 5.74 வந்துச்சு. எங்க சோதனை முறைல அப்படி இல்ல, இது அவங்க முறைனால வந்ததுன்னு கம்பெனி வாதாடினாங்க, ஆனா கடைசில ஃபிரான்ஸுக்குன்னு சாஃப்ட்வேர் அப்டேட் விட்டாங்க, விக்கறது அப்புறம் தொடர்ந்துச்சு. யாரும் தெருவுல எறங்கல, நோட்டுல கையெழுத்து வாங்கல. ஒரு அமைப்பு தன் வேலையச் செஞ்சு, நம்பர பேரோட வெளில போட்டுது, உலகத்துலயே பெரிய கம்பெனி ஒண்ணு எறங்கி வந்துச்சு.

நம்ம அப்பா போனோட கையேட்டப் பொறுமையா படிச்சா, உடம்புப் பக்கம் எடுத்த அளவு 15 மில்லிமீட்டர் தள்ளி வெச்சு எடுத்ததுன்னு சின்ன எழுத்துல இருக்கு. ஒன்றரை செ.மீ. யாரு சட்டைப் பாக்கெட்ல ஒன்றரை செ.மீ. இடைவெளி இருக்கு? துணிக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு நூல் கனம்தான். ஒட்டி வெச்சா எவ்வளவுன்னு கடைல வாங்கின போன சோதிச்சு, மாடல் பேரப் போட்டு, தமிழ்லயும் போடுங்கன்னு கேட்டு ஒரு நோட்டு சுத்தினா அதுல நான் மொத வரில போடுவேன்.

தீபாவளி முடிஞ்ச வாரமே கூடத்துல பிராட்பேண்ட் போட்டோம், அப்பா போன்ல வைஃபை காலிங் போட்டுக்குடுத்துட்டுத்தான் தம்பி கெளம்பினான். ரவுட்டர் பக்கத்துலயே இருக்கறதால கத்த வேண்டியதில்ல. அக்காகிட்ட பேசும்போது போன் ஜன்னல் மாடத்துல ஸ்பீக்கர்ல இருக்கும். சட்டைப் பாக்கெட்ட நானே ஊசி நூல் எடுத்து மேல்பக்கம் தெச்சு மூடிட்டேன், ஆறு சட்டைக்கும். ஒரு வாரம் என்கிட்ட பேசல அவரு.

ஹெட்மாஸ்டர் சார் வீட்டுக்குப் போகத்தான் ரொம்ப நாள் ஆச்சு. கார்த்திகை தீபத்தன்னிக்கு அப்பம் குடுக்கற சாக்குல போனேன். தம்பி எழுதிக்குடுத்த பேப்பர காட்டினேன், உள் ரூம் 22, திண்ணை 4, மாடி மைனஸ் 3. கணக்கு வாத்தியாரா இருந்தவரு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சாரு. "நாம அளக்காமயே முடிவு பண்ணிட்டோமாம்மா"ன்னாரு. அப்புறம் அலமாரியத் தொறந்து அதே நோட்ட எடுத்து, காலியா இருந்த பக்கத்துல தேதி போட்டு எழுத ஆரம்பிச்சாரு. டவர் வர்றதா இருந்தா வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வெச்ச ஒரு மாசத்துல ஒரு தடவ, தெருவுல அளந்து காட்டணும். தரங் சஞ்சார்னு அரசாங்க இணையதளம் 2017லேர்ந்து இருக்கு, 4000 ரூபா கட்டினா நாம சொல்ற எடத்துல வந்து அளந்து குடுப்பாங்க, அந்தப் பணத்த தெருக்காரங்க பங்கு போட்டுக்கலாம். கீழ அவரு மொதல்ல கையெழுத்துப் போட்டு பேனாவ என்கிட்ட நீட்டினாரு.

இன்னிக்கு வரைக்கும் ஒம்பது கையெழுத்து ஆயிருக்கு. நேத்து பாத்திரக்கடை அண்ணன் கடைக்கு நோட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். எடைக்கல்ல தட்டுல வெச்சுக்கிட்டே முழுசும் படிச்சாரு. பழைய பக்கத்தையும் திருப்பி, பதினேழாவது வரியப் பாத்தாரு. "கம்பெனிக்காரன் வேற ஊருக்குப் போயிட்டான்மா, இனி வருவானான்னு தெரியல"ன்னு சொல்லி நோட்ட மூடி என் கைல குடுத்துட்டு, "அப்பா எப்படி இருக்காரு?"ன்னு கேட்டாரு.